"கிறிஸ்தவ நாடு" கேக்கிற ஆக்கள் மடுவின்ர வரலாறையும் ஒருக்கா வாசிக்கவேணும்

தம்பி கேட்ட கேள்வி இதுதான்: மேற்கு நாடுகள் எல்லாம் கிறிஸ்தவ ஒழுக்கத்தில கட்டின நாடுகள், அதை விட்டதாலதான் இப்ப குடும்பமும் குலைஞ்சு நாடும் குலையுது, சட்டம் திரும்ப வேதத்தில வந்து நிக்கவேணும் எண்டு ஒரு போதகர் பேசின வீடியோவைப் பாத்திருக்கிறார். அது சரியோ, சரியெண்டா இலங்கையில இருக்கிற கிறிஸ்தவர்கள் நாங்கள் என்ன கேக்கவேணும் எண்டு கேக்கிறார். நான் வன்னியில ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில பிறந்து வளந்தவன், சட்ட உதவி வேலையிலயும் கனகாலமா இருக்கிறன், அதால கொஞ்சம் நீட்டியே எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

என்ர நிலைப்பாட்டை முதலே சொல்லிப்போடுறன். ஒரு மதத்தின்ர ஒழுக்கத்தை அரசாங்கத்தின்ர கையில குடுத்தா முதல்ல அடிபடுறது அந்த மதத்து ஆக்கள்தான். இதை நான் அமெரிக்காவைப் பாத்துச் சொல்லேல்லை, மன்னார்ப் பக்கம் காட்டுக்குள்ள இருக்கிற எங்கட மடு மாதா கோயிலைப் பாத்துச் சொல்லுறன்.

மடு மாதா ஏன் இவ்வளவு காட்டுக்குள்ள இருக்கிறா எண்டு ஆவணித் திருவிழாவுக்கு வாற பெடியளிட்டக் கேட்டா கனபேருக்குத் தெரியாது. மாந்தையில இருந்த சொரூபம் அது. 1658ல ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிட்ட இருந்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடிச்ச கையோட, கத்தோலிக்கக் குருவானவருக்கு வீட்டில இடங்குடுத்தா மரண தண்டனை எண்டு கட்டளை போட்டவை. கோயிலுகளைப் பறிச்சு தங்கட சபைக்கு எடுத்தவை, பூசை வைக்க ஏலாது, ஒளிச்சு ஒளிச்சு செபம் சொல்லவேண்டி வந்திது, அப்பதான் 1670 அளவில மாந்தைச் சனம் மாதாவையும் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள்ள வந்தது எண்டு பரம்பரையாச் சொல்லி வாறம். இதில விளங்கவேண்டியது என்னெண்டா, துரத்தினவையும் கிறிஸ்தவர்தான். அதே வேதப்புத்தகம், அதே பத்துக் கற்பனை, அதே பரலோக மந்திரம். ஆனா எந்தச் சபை உண்மையான சபை எண்டு தீர்மானிக்கிற அதிகாரம் ஆட்சி நடத்தின ஒல்லாந்த வியாபாரக் கொம்பனியின்ர கையில இருந்தது.

அந்த நேரம் எங்கட சனத்துக்கு ஆர் உதவினது? 1687ல கோவாவில இருந்து யோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரன் வேசத்தில வந்து இறங்கினவர். ஒல்லாந்தர் தேடித் திரிஞ்சவங்கள். கண்டியில முதல் அவரை உளவாளி எண்டு சந்தேகப்பட்டுச் சிறையில போட்டது உண்மை, ஆனா பிறகு ரெண்டாம் விமலதர்மசூரியன் எண்ட புத்த அரசன்தான் அவரை உலாவ விட்டு, பூசை வைக்க விட்டு, அவர் அங்க இருந்து வேலை செய்ய இடங்குடுத்தவர். 1711ல கண்டியிலதான் செத்தவர். 2015 தை 14ஆம் தேதி கொழும்பில அவரைப் புனிதராக்கிப்போட்டு, அண்டைக்குப் பின்னேரமே போப் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தவர். அந்தச் சனக்கூட்டத்துக்குள்ள நிண்ட எத்தினை பேர் யோசிச்சவை தெரியாது, கிறிஸ்தவ அரசாங்கம் கொல்லத் தேடின ஒரு கிறிஸ்தவக் குருவைக் காப்பாத்தினது ஒரு பௌத்த அரசன் எண்டு. கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்களை வெள்ளைக்காரன் எடுத்தது 1806ல.

ஒல்லாந்தர் செய்த இன்னொரு வேலையையும் பாருங்கோ. உத்தியோகம் வேணுமோ, ஞானஸ்நானம் எடு. கலியாணம் செல்லுபடியாகவேணுமோ, சபையில வந்து கட்டு. சனம் என்ன செய்தது? பேருக்குப் போய்த் தண்ணி ஊத்திப்போட்டு வந்து வீட்டில வழமைப்படி விளக்கு வைச்சுக் கும்பிட்டது. பட்டியல்ல லட்சக்கணக்கில கிறிஸ்தவர்கள் இருந்தவை, வெள்ளைக்காரன் வந்து அந்தக் கட்டாயம் போனவுடன ஒரு தலைமுறைக்குள்ள பெரும்பகுதி காணாமலே போச்சு. அதே நேரம் காட்டுக்குள்ள ஒளிச்சுச் செபமாலை சொன்ன சனத்தின்ர பிள்ளையள் இண்டைக்கும் மடுவில நிக்கினம். சட்டத்தால வாற விசுவாசத்தின்ர பெறுமதி என்ன எண்டதுக்கு இதைவிட வேற சாட்சி எனக்குத் தேவையில்லை.

சரி, இப்ப கேள்வியின்ர மற்றப் பக்கத்துக்கு வருவம். இலங்கைச் சட்டத்தில கிறிஸ்தவ ஒழுக்கம் இல்லையோ? நிறைய இருக்கு, சனம் கவனிக்கிறேல்லை அவ்வளவுதான். ஞாயிறு லீவையே எடுங்கோ. 1966ல டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஞாயிறை விட்டுட்டு போயாவை, அதாவது நிலாவின்ர கணக்கில வாற பௌத்தப் புனித நாளுகளைக் கணக்கெடுத்து வார லீவு விட்டது, ஒவ்வொரு கிழமையும் லீவு நாள் மாறிக்கொண்டு வரும், 1971ல திரும்ப சனி ஞாயிறுக்கே வந்தவை. வேதக்காரருக்காண்டி மாத்தேல்லை, வெளிநாட்டு வியாபாரத்துக்கு ஒத்துவரேல்லை எண்டுதான். கலியாணப் பதிவுச் சட்டம் 1907ஆம் ஆண்டுச் சட்டம், அதில கிறிஸ்தவக் கோயிலுக்கு ஒரு தனி இடம் இருக்கு, பதிஞ்ச கோயில்ல சுவாமியாரே கட்டிவைச்சுப் பதிவையும் செய்யலாம். ஆனா பக்கத்து ஊரில ஐயர் வந்து தாலி எடுத்துக் குடுத்தாலும் எழுத்துக்குத் தனிய றெஜிஸ்றார் வரவேணும். எங்களுக்கு இது சலுகை எண்டு கூடத் தெரியாது, சலுகை கிடைக்கிற பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கு அப்பிடித்தான்.

விவாகரத்து இன்னும் கிட்டப் பாக்கவேண்டிய விசயம். பொதுச்சட்டத்தில மூண்டு காரணம்தான் இருக்கு: கலியாணத்துக்குப் பிறகு பிறத்தொடர்பு, வேணுமெண்டே விட்டிட்டுப் போறது, கட்டேக்கயே இருந்த மாறாத ஆண்மைக்குறை. இந்த முதல் ரெண்டும் எங்க இருந்து வந்தது? மத்தேயு 19ஆம் அதிகாரத்தையும் கொரிந்தியர் முதலாம் நிருபம் 7ஆம் அதிகாரத்தையும் வைச்சு புரட்டஸ்தாந்து சீர்திருத்தக்காரர் எடுத்த முடிவு, அது ஒல்லாந்தில சட்டமாகி, ரோமன் டச்சுச் சட்டம் எண்டு கப்பல் ஏறி இஞ்ச வந்தது. அதால இண்டைக்கு கிளிநொச்சிக் கோட்ஸில நிக்கிற ஒரு சைவப் பிள்ளை, புருசன் குடிச்சுப்போட்டு அடிக்கிறான், ரெண்டு பேருக்கும் ஒத்தே வரேல்லை, பிரிய ரெண்டு பேருக்கும் விருப்பம் எண்டாக்கூட, ஆரோ ஒராளின்ர தலையில குற்றத்தைக் கட்டினாத்தான் பிரியலாம். அடிக்கிறதுக்குத் தனிய ஒரு காரணம் சட்டத்தில இல்லை, அதை "விட்டிட்டுப் போனதுக்குச் சமன்" எண்டு சுத்தி வளைச்சு லோயர் வாதாடவேணும். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி கொரிந்துச் சபைக்கு எழுதின ஆலோசனை, அதைக் கேள்விப்படாத ஒரு பிள்ளையின்ர கழுத்தைச் சுத்திக்கிடக்கு. பவுல் அடிகளுக்கே இது தெரிஞ்சிருந்தா மனம் நொந்திருப்பார் எண்டு நான் நினைக்கிறன்.

தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் தந்தது. ஒரே பாலாரின்ர உறவைக் குற்றமாக்கிற 365, 365ஏ பிரிவுகள் விக்ரோறியா காலத்து இங்கிலாந்தின்ர ஒழுக்கம், அதை இப்ப சில அரசியல்வாதியள் எழும்பி எங்கட கலாசாரம் எண்டு காப்பாத்தினம். 2023ல இதை மாத்த வந்த தனிநபர் பிரேரணையைப் பாத்துப்போட்டு உயர்நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு சொல்லியும் சட்டம் இன்னும் மாறேல்லை. கருக்கலைப்பு 303ஆம் பிரிவு, தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும்தான் விதிவிலக்கு. 2017ல வன்புணர்வால வந்த கரு, பிழைக்கமாட்டுது எண்டு தெரிஞ்ச கரு, இந்த ரெண்டுக்காவது விடுவம் எண்டு அமைச்சரவை வரைக்கும் வந்தது. எங்கட ஆயர்கள் எதிர்த்தவை, பிக்குமாரும் எதிர்த்தவை, கிடப்பில போட்டாச்சு. கரு ஒரு உயிர் எண்டு நானும் நம்புறன், என்ர வீட்டில அப்பிடித்தான் படிப்பிச்சிருக்கிறன். ஆனா பதினாலு வயசுப் பிள்ளை ஒண்டு சொந்தக்காரனாலயே கெடுக்கப்பட்டு வந்து நிக்கேக்க, அதுக்குச் சட்டம் வைச்சிருக்கிறது மறியல் மட்டும்தான் எண்டா, அதில கிறிஸ்துவின்ர முகம் எங்க இருக்கு எண்டு எனக்குத் தெரியேல்லை. கோயில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில போய் இருந்து, கடைசி வரைக்கும் தாங்கி, தன்ர படிப்பினையைச் சொல்லட்டும், அதுக்கு ஆரும் தடை இல்லை.

எங்கட வன்னியில இது எப்பிடி வந்து நிக்கும் எண்டு ஒரு உதாரணம் சொல்லுறன், ஆளை அடையாளம் காட்டாமல். 2009ல போர் முடியேக்க புருசனைப் பறிகுடுத்த ஒரு பொம்பிளை, முல்லைத்தீவு வட்டுவாகல்ல ஆமியிட்டச் சரணடையப் போன ஆள் பிறகு இல்லை. பிள்ளையள் வளந்திட்டுது, நல்ல ஒரு மனிசன் கேட்டு வாறார். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வருசத்துக்கு மேல காணாத ஆளுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். 2016ல திருத்தம் வந்து, செத்திட்டார் எண்டு சொல்லாமல் காணேல்லை எண்டு மட்டும் சொல்லுற சான்றிதழும் இருக்கு, ஆனா அதை வைச்சுப் புதுக் கலியாணம் எழுத ஏலாது. மரணச் சான்றிதழுக்கு அந்தப் பொம்பிளை கையெழுத்து வைக்கமாட்டன் எண்டுட்டா, ஏனெண்டா காணாமல் போன ஆக்களைத் தேடுற குடும்பங்கள் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில 2017 மாசியில தொடங்கின போராட்டக் கொட்டிலில அவவும் போய் இருந்தவ, "அங்க இருந்து உயிரோட குடு எண்டு கேட்டுப்போட்டு இஞ்ச செத்திட்டான் எண்டு எப்பிடி அண்ணை எழுதுறது" எண்டா. இனிக் கோயில் பக்கம் பாத்தா அது இன்னும் இறுக்கம், ஆள் கனகாலமா இல்லை எண்டது மட்டும் காணாது, செத்திட்டார் எண்டு மனச்சாட்சிப்படி உறுதி வந்து ஆயர் பிரகடனம் குடுக்கவேணும்.

இதில கோயிலின்ர ஒழுங்கில நான் பிழை சொல்லமாட்டன். கலியாணம் சாகும் வரைக்கும் எண்டு நம்புற சபை அப்பிடித்தான் கேக்கும், அவவும் அந்த நம்பிக்கைக்குள்ள தானே விரும்பி நிக்கிறா, அந்தக் காத்திருப்பில ஒரு மரியாதையும் இருக்கு. ஆனா கோயிலின்ர அந்த ஒழுங்கையே நாட்டின்ர சட்டமாக்கினா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. பக்கத்து வளவில இருக்கிற சைவப் பொம்பிளை, சபைக்குப் போற பொம்பிளை, எல்லாரும் ஆயரின்ர கையெழுத்துக்குக் காத்திருக்கவேணும். வன்னியில இப்பிடி நிக்கிற பொம்பிளையள் ஒராள் ரெண்டு பேர் இல்லை. அவைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறதே சட்டமும் கோயிலும் வேற வேறயா இருக்கிறதாலதான்.

அந்தப் போதகருக்கு நியாயமாச் சொல்லவேண்டியதும் ஒண்டு இருக்கு, கிறிஸ்தவ ஒழுக்கத்தால நல்ல சட்டமே வரேல்லை எண்டு நான் சொல்லமாட்டன். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில இருந்த வில்பர்போஸ் போல ஆக்கள் இருபது வருசம் கத்தித்தான் 1807ல இங்கிலாந்து அடிமை வியாபாரத்தை நிப்பாட்டினது, அவையின்ர பலம் செபத்தில இருந்துதான் வந்தது. ஆனா அடிமை வைச்சிருந்த தோட்டக்காரரும் அதே வேதத்தைக் காட்டித்தான் வாதாடினவை. எங்கட பக்கம் சாதியை எடுங்கோ. ஒரே அப்பத்தை வாங்கி உண்ட ஆக்கள் ஒரே வாங்கில இருக்கமாட்டம் எண்ட கோயிலுகள் வடக்கில இருந்தது, பிரசங்கத்துக்குக் குறைவே இல்லை. கோயில், கடை, கிணறு எண்டு பொது இடத்தில சாதி பாத்து மறிச்சாக் குற்றம் எண்டு சொன்னது 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். அதில எந்த மதத்தின்ர பேரும் இல்லை, சுவிசேசத்துக்குக் கிட்ட வந்த சட்டம் எண்டு என்னைக் கேட்டா அதைத்தான் காட்டுவன்.

வெளிநாட்டு உதாரணங்களைக் கெதியாச் சொல்லுறன். சாம்பியா 1991ல தன்னைக் கிறிஸ்தவ நாடு எண்டு பிரகடனம் செய்தது, சமோவா 2017ல அரசியலமைப்பிலயே எழுதிச்சு, ஹங்கேரி 2011ல தேசத்தைக் காப்பாத்தினதில கிறிஸ்தவத்துக்குப் பங்கு இருக்கு எண்டு எழுதிச்சு. அமெரிக்கா கிறிஸ்தவ நாடாத்தான் தொடங்கினது எண்டு சொல்லுற ஆக்களுக்கு, 1797ல திரிப்பொலியோட செய்த உடன்படிக்கையில அமெரிக்க அரசாங்கம் எந்த விதத்திலயும் கிறிஸ்தவ மதத்தில கட்டினது இல்லை எண்டு அவையே எழுதி, செனற்றும் ஏகமனதா ஏற்றது எண்டதைச் சொல்லுங்கோ.

அயர்லாந்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிண்டு சொல்லவேணும், ஏனெண்டா அது எங்களைப்போல கத்தோலிக்கச் சனம், எங்களைப்போல வெள்ளைக்காரனிட்ட அடிவாங்கின சனம், விசுவாசம்தான் அவையின்ர அடையாளமா இருந்தது. 1937 அரசியலமைப்பில கத்தோலிக்கத் திருச்சபைக்கு விசேட இடம் எண்டு எழுதி, விவாகரத்தையும் தடை செய்தவை. 1972ல சனமே வாக்குப் போட்டு அந்த விசேட இடத்தை எடுத்தது. விவாகரத்துத் தடை 1995ல மயிரிழையில போச்சு. 2012ல சவிதா எண்ட இந்தியப் பல் டொக்டர் கோல்வே ஆசுப்பத்திரியில கரு கலையத் தொடங்கின நிலையில கிடந்து, கருவின்ர இதயம் துடிக்குது எண்டு சொல்லி உதவி மறுக்கப்பட்டு, கிருமி ஏறிச் செத்தவ, அவ ஒரு இந்து. 2018ல மூண்டில ரெண்டு பங்கு சனம் வாக்குப் போட்டு, கருக்கலைப்பைத் தடுத்த அந்தச் சட்டத்தையே தூக்கினது. அதுக்கிடையில சகோதரிகள் நடத்தின சலவைச்சாலைகளில பிள்ளையளையும் பொம்பிளையளையும் அடைச்சு வேலை வாங்கினது வெளியில வந்து, 2013ல பிரதமரே பாராளுமன்றத்தில மன்னிப்புக் கேட்டவர். எங்கட பழைய குருமார், சகோதரிகள், கனபேர் ஐரிஷ் மிஷனில இருந்து வந்த நல்ல ஆக்கள், அதால இதை எழுத எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா அந்த நாட்டில கோயில் வெறுமையானதுக்கு நாத்திகர் காரணம் எண்டு போதகர் சொல்லேக்க, எழுபது எண்பது வருசம் சட்டத்தைக் கையில வைச்சிருந்ததும் காரணம் எண்டு ஆராவது அவருக்குச் சொல்லவேணும்.

இனி அடையாளம். இஞ்ச அரசியலமைப்பு 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் எண்டு சொல்லுது, 1972ல வந்தது, 1978ல இன்னும் உறுதியாச்சு. அது வெறும் அலங்கார வசனம் எண்டு நினைக்கவேண்டாம். 2003ல மென்சிங்கன் சகோதரிகள் எண்ட கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் தங்கட சபையைச் சட்டப்படி பதிய வந்தநேரம் உயர்நீதிமன்றம் அதை 9ஆம் உறுப்புரைக்கு முரண் எண்டு சொன்னது. 2008ல மத விவகார அமைச்சில இருந்து வந்த ஒரு சுற்றுநிருபத்தைக் காட்டி எத்தினையோ சின்னச் சபையளை இழுத்து மூடச் சொன்னவை. முல்லைத்தீவில பழைய செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணிக்குப் பக்கத்தில, கோட்ஸ் வேண்டாம் எண்டு சொல்லியும், 2019 புரட்டாசியில ஒரு பிக்குவின்ர உடலை எரிச்சவை, அது முழு ஊரும் பாத்தது. இதெல்லாம் அநியாயம் எண்டு நாங்கள் கத்துறம், கத்தத்தான் வேணும். ஆனா அதே வாயால கனடாவிலயோ அமெரிக்காவிலயோ வேதத்துக்கு முதன்மை இடம் குடு எண்டு கேட்டா, எங்கட 9ஆம் உறுப்புரையை எந்த முகத்தோட எதிர்க்கிறது?

எங்கட கையும் சுத்தம் இல்லை, அதையும் எழுதத்தான் வேணும். மன்னார் மாவட்டத்தில பாதிக்கும் கூட நாங்கள்தான். 2019 சிவராத்திரிக்கு முதல் நாள் திருக்கேதீச்சரச் சிவன் கோயில் றோட்டில வைச்ச வளைவைக் கத்தோலிக்கச் சனம் பிடுங்கி எறிஞ்சது. போர்த்துக்கேயர் இடிச்ச கோயில் அது, அந்தக் காயம் சைவச் சனத்துக்கு எவ்வளவு ஆழம் எண்டு தெரிஞ்சும். அதேபோல 1544ல யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் மன்னாரில அறுநூறுக்கு மேல வேதக்காரரை வெட்டினதை தோட்டவெளியில நாங்கள் இன்னும் நினைச்சுச் செபிக்கிறம். எண்ணிக்கை கூடின இடத்தில நாங்களும் குட்டி 9ஆம் உறுப்புரை நடத்துவம் எண்டதுக்கு அந்த வளைவு சாட்சி. அதைப் பிடிச்சுக்கொண்டு இப்ப தமிழர் எண்டா சைவர்தான் எண்டு கதைக்கிற ஆக்களும் வன்னிக்குள்ள வந்திட்டினம்.

அப்பிடிக் கதைக்கிற ஆக்களுக்கும் அந்தப் போதகருக்கும் நான் சொல்லுறது ஒண்டுதான். தமிழரசுக் கட்சியை 1949ல தொடங்கின செல்வநாயகம் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர், அவருக்குப் பின்னால நிண்ட சனத்தில பெரும்பான்மை சைவம், அவரைத் தந்தை எண்டு கூப்பிட்டதும் அந்தச் சனம்தான். தமிழருக்குத் தனிநாடு கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்திலயே அந்த நாடு மதச்சார்பற்ற நாடா இருக்கும், எல்லா மதத்துக்கும் ஒரே பாதுகாப்பு எண்டு எழுதியிருக்கு. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 தையில போரைப் பற்றி விசாரிச்ச அரசாங்க ஆணைக்குழுவுக்கு முன்னால போய், வன்னியில இருந்த சனத்தின்ர கச்சேரிக் கணக்கையும் முகாமுக்கு வந்த சனத்தின்ர கணக்கையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு, 1,46,679 பேருக்கு என்ன நடந்தது எண்டு கேட்டவர். அதில எத்தினை பேர் வேதக்காரர் எண்டு அவர் பிரிச்சுக் கேக்கேல்லை. அந்தக் கேள்வியைக் கேக்க அவருக்கு ஒரு சட்டமும் அதிகாரம் குடுக்கேல்லை, விசேட இடமும் இருக்கேல்லை, இருந்திருந்தா கேட்டிருப்பாரோ எண்டதே எனக்குச் சந்தேகம். வன்னியில கிறிஸ்தவ ஒழுக்கம் எண்டா என்ன எண்டு கேட்டா எனக்கு அந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

கடைசியா, நாங்கள் என்ன கேக்கவேணும் எண்ட கேள்விக்கு. 2016ல லால் விஜேநாயக்க தலைமையில அரசியலமைப்புக்குக் கருத்துக் கேக்கிற குழு மாவட்டம் மாவட்டமா வந்தது, திரும்ப அப்பிடி ஒண்டு வந்தா போய்ச் சொல்லுங்கோ. 1972 வரைக்கும் இருந்த சோல்பரி அரசியலமைப்பு 29(2)ல இருந்தமாதிரி, எந்த மதத்துக்கும் மற்றதுக்கு இல்லாத சலுகை குடுக்கிற சட்டம் செல்லாது எண்ட வசனம் வேணும். பழசையே திரும்பப் போட்டாக் காணாது, மலையகத் தமிழரின்ர குடியுரிமையைப் பறிக்கேக்க அந்த வசனத்தால தடுக்க முடியேல்லை, அதால இன்னும் பல்லு உள்ளதாக் கேக்கவேணும். அதோட கலியாணப் பதிவில சுவாமியாருக்கு இருக்கிற உரிமையை ஐயருக்கும் குடு எண்டும், விவாகரத்துக்கு ஒத்துவராமல் போறதையும் அடிக்கிறதையும் காரணமாச் சேர் எண்டும் கிறிஸ்தவர் நாங்களே முன்னுக்கு நிண்டு கேக்கவேணும். எங்கட சுவாமிமாரில சிலருக்கு ரெண்டாவது பிடிக்காது, அவையோட நான் பங்குக் கூட்டத்தில கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.